படகுக்குப் பேர் சொல்லும் மோகனப்ரியா

எல்லாருக்கும் வணக்கம். நல்லா இருக்கிறீர்களா? முட்டி வலி, சர்க்கரை, தூக்கம் எல்லாம் எப்படிப் போகிறது? இங்கே திருவொற்றியூரில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. சாயங்காலம் கடல் காற்று வந்த பிறகுதான் மனுஷர் மனுஷரோடு பேச முடிகிறது. எனக்குப் போன வருஷம் புரை எடுத்த கண் இப்போது பளிச்சென்று தெரிகிறது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவு பெரிதாக டைப் அடிக்க உட்கார்ந்திருக்கிறேன். இடையில் பட்டாணிச் சுண்டல் விசில் அடித்தால் எழுந்து போய்விட்டு வருவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் ஆலிஸ். எங்கள் குப்பத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு சர்ச், அதற்குப் பின்னால் ஒரு ஹால். அங்கேதான் எங்கள் மாலை மையம் நடக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் நாலரை மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். அப்பா கடலில் இருப்பார், அம்மா மீன் கூடையோடு தெருத்தெருவாகப் போயிருப்பாள், வீட்டுச் சாவி பிள்ளையின் கழுத்தில் தொங்கும். அப்படிப்பட்ட முப்பத்து நாலு பிள்ளைகள். வயிற்றுக்கு ஏதாவது கொடுத்து, வீட்டுப்பாடம் எழுத வைத்து, உடம்பையும் பார்த்துக்கொள்வது மையத்தின் வேலை. இதில் உடம்பு என் பொறுப்பு.

அதற்கு ஒரு பெரிய நோட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைக்கு ஒரு பக்கம். எடை, உயரம், பல், பூச்சி மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை எல்லாம் அதில் இருக்கும். மாதம் ஒருமுறை எடை பார்ப்போம். எடை ஏறிய பிள்ளைக்கு அன்றைக்கு இரண்டாவது முட்டை உண்டு. ஒரு மாதம் தீபன் என்கிற பயல் இரண்டரை கிலோ ஏறியிருந்தான். எனக்கு ஒரே பெருமை. முட்டையை வாங்கிக்கொண்டு ஓடும்போது அவன் டிராயர் அவிழ்ந்து விழுந்தது. இரண்டு பாக்கெட்டிலும் வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டு. அதற்குப் பிறகு எல்லாரையும் பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டுத்தான் ஏற்றுகிறேன்.

பெற்றவர்களுக்கும் கூட்டம் உண்டு. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் வந்து, வீட்டுக்குள் பீடிப் புகை இருந்தால் பிள்ளைகளுக்கு இருமல் விடாது என்று பேசிவிட்டுப் போனார். உடனே படகுக்காரன் பொன்னுரங்கம் எழுந்தான். தன் பெண்ணின் தலையில் கை வைத்து, இனி பீடியைத் தொட மாட்டேன் என்று ஊர் பார்க்கச் சத்தியம் செய்தான். நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். அவன் பெண்சாதி மங்கம்மா மட்டும் தட்டவில்லை.

"இது ஏழாவது சத்தியம் ஆயாம்மா. கைய இன்னும் கொஞ்ச நேரம் அங்கியே வெச்சிருக்கச் சொல்லு, எட்டாவதும் ஆயிடும்" என்றாள்.

அந்தத் தலைக்குச் சொந்தக்காரிதான் மோகனப்ரியா. அஞ்சாங்கிளாஸ். ஒல்லி, கறுப்பு, காது இரண்டும் விடைத்துக்கொண்டு நிற்கும். அவளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். அஞ்சு மணிக்கு மேல் படகுகள் திரும்பும். சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் எல்லாம் அலையைத் தடுக்கப் போட்ட கருங்கல் மேல் ஏறி நிற்பார்கள். தூரத்தில் வருகிற படகு யாருடையது என்று எந்தப் பிள்ளை முதலில் பேர் சொல்கிறதோ, அந்தப் பிள்ளைக்கு அந்தப் படகுக்காரர் கரையேறியதும் இரண்டு மீன் எடுத்து வீசுவார். வரவேற்றதற்கு மரியாதை. எந்தப் படகுக்காரரும் இதில் ஏமாற்ற மாட்டார்.

பத்துக்கு எட்டுத் தடவை முதலில் பேர் சொல்கிறவள் மோகனப்ரியா. மற்ற பிள்ளைகள் கையைக் கண்ணுக்கு மேல் குடை பிடித்துத் தேடிக்கொண்டிருக்கும்போதே இவள் "சைமன் மாமா போட்டு" என்று சொல்லிவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சைமனின் நீலக்கொடி எட்டிப் பார்க்கும். குப்பம் முழுக்க அவளுக்குக் கழுகுக்கண்ணு என்றுதான் பேர். அவள் வீட்டில் வாரத்துக்கு நாலு நாள் அவள் சம்பாதித்த மீனில்தான் குழம்பு.

சரி, கண்ணுக்கு வருகிறேன். ராயபுரத்துப் பெண் ஒருத்தி, ஆன்சி என்று பேர், கண் பரிசோதிக்கப் படித்தவள். எங்கள் மாதிரி மையங்களுக்கு வந்து பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி போட்டுக் கொடுக்கும் குழுவில் இருக்கிறாள். முப்பத்து நாலு பேரையும் அவளே பார்க்க நேரம் இருக்காது. அதனால் முதல் சோதனையை என்னைச் செய்யச் சொல்லிக் கற்றுக்கொடுத்தாள். ஒரு அட்டை, இருபது அடிக் கயிறு. அட்டையில் மூன்று பல் வைத்த சீப்பு மாதிரி நாலு படம் இருக்கும். பிள்ளை கயிற்றின் அந்த முனையில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சீப்பின் பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விரலால் காட்ட வேண்டும். நாலில் மூன்று சரியாக இருந்தால் பாஸ். தடுமாறுகிற பிள்ளைகளின் பேரை மட்டும் எழுதி வைத்தால், அடுத்த வாரம் சனிக்கிழமை மெஷினோடு வந்து பார்ப்பதாகச் சொன்னாள். ஒரு பிள்ளையையும் விட்டுவிடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள். நானும் இரண்டு தடவை தலையாட்டினேன்.

சோதனை நாள் அன்றைக்கு ஹால் சந்தை மாதிரி இருந்தது. முப்பது பிள்ளை முடித்திருந்தேன். அடுப்பில் பட்டாணி அடிப்பிடிக்கிற வாசனை. முப்பத்தோராவதாக மோகனப்ரியா வந்து நின்றாள்.

"ஆயா, அதுக்கு இன்னாத்துக்கு டெஸ்ட்டு? அது ஆன்சி அக்காவுக்கே டெஸ்ட்டு எடுக்கும்" என்றான் தீபன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அட்டையைத் தூக்கவே இல்லை. அவள் பக்கத்தில் 'பார்வை மிக நன்று' என்று எழுதி, பெருமைக்கு ஒரு ஸ்டாரும் போட்டுவிட்டுப் பட்டாணியைப் பார்க்க ஓடினேன். அந்தப் பிள்ளை அன்றைக்கு விட்ட மூச்சு இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வெயிலுக்குப் பெருமூச்சு விடுகிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் நானும் கருங்கல் பக்கம் போயிருந்தேன். தூரத்தில் டபடபவென்று சத்தம். மோகனப்ரியா எப்போதும் போல, "மேத்யூ மாமா போட்டு" என்றாள். மேத்யூவின் படகுதான். ஆனால் அது தனியாக வரவில்லை. பின்னால் கயிற்றில் இன்னொரு படகை இழுத்துக்கொண்டு வந்தது. அந்தப் படகில் மஞ்சள் கொடி பறந்தது. அது பொன்னுரங்கத்தின் படகு. நடுக்கடலில் இன்ஜின் படுத்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

புரை எடுத்த என் கண்ணுக்கே கொடி தெரிகிறது. எல்லாப் பிள்ளைகளும் "பொன்னுரங்கம் மாமா போட்டு" என்று கத்துகிறார்கள். இவள் மட்டும் திருதிருவென்று விழிக்கிறாள். அவள் பார்த்த திசையில் படகே இல்லை. வெறும் கருங்கல்தான்.

"உங்க நைனா போட்டு கயித்துல தொங்கினு வருது. தெரில?" என்றான் தீபன்.

"தெரியுது. சும்மா சொல்லல" என்றாள்.

மற்றவர்கள் அதோடு விட்டுவிட்டார்கள். எனக்கு மட்டும் விட முடியவில்லை. சொந்த அப்பன் படகு பக்கத்தில் வந்துவிட்டது, இந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்து ஹாலுக்குக் கூட்டி வந்தேன். கயிற்றைக் கட்டி, அட்டையைத் தூக்கிக் காட்டினேன். அவள் விரல் மேலே போனது, கீழே போனது, இடது பக்கம் போனது, கடைசியில் என்னைப் பார்த்து நின்றது. நாலில் ஒன்றுகூடச் சரியில்லை.

"அப்போ போட்டெல்லாம் எப்பிடிடி சொல்ற?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் காலால் தரையைத் தேய்த்தாள். பிறகு மெதுவாக, "காதாலதான் ஆயா. ஒவ்வொரு இன்ஜினும் ஒவ்வொரு மாதிரி இருமும்" என்றாள்.

பேச ஆரம்பித்ததும் எல்லாம் கொட்டியது. மேத்யூ படகு மூன்று தடவை இருமிவிட்டு ஒரு தடவை மூச்சு வாங்குமாம். சைமன் படகில் குக்கர் மாதிரி ஒரு சின்ன விசில் கேட்குமாம். அவள் அப்பா படகில் நாலு டப்புக்கு ஒரு டப்பு குறையுமாம். கடல் காற்று கரைப் பக்கம் அடிப்பதால், கொடி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே சத்தம் வந்துவிடுமாம். இருபத்தேழு படகு அவளுக்கு மனப்பாடம். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். பள்ளிக்கூடத்தில் போர்டு தெரியாமல் பக்கத்தில் இருக்கிற ஜானட்டின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறாளாம். ஜானட் தப்பாக எழுதினால் இவளும் அதே தப்பு. காப்பி அடிக்கிறாள் என்று டீச்சரிடம் போன வாரம்கூடத் திட்டு வாங்கியிருக்கிறாள்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"கழுகுக்கண்ணுன்றாங்க ஆயா. கண்ணாடி போட்டா சோடாபுட்டின்னுவாங்க. அப்பால எனக்கு யாரு மீனு போடுவாங்க? சொல்லிடாத."

தப்பு உன்னுது இல்லை, அட்டையைத் தூக்காத இந்தக் கிழவியுது என்று சொல்லி, அவள் முன்னாலேயே ஆன்சிக்குப் போன் போட்டேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"ஸ்டாரு வேற போட்டிருக்கீங்க ஆன்ட்டி" என்றாள் ஆன்சி. அதைவிட இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

சனிக்கிழமைக்குள் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும் என்றாள். அதை விட்டால் அவள் குழு எங்கள் பக்கம் திரும்ப வர ஆறு மாதம் ஆகும். ஆறு மாதத்தில் இந்தப் பிள்ளை அஞ்சாங்கிளாஸ் முழுவதையும் ஜானட்டின் தப்போடு சேர்த்து எழுதி முடித்துவிடும்.

மறுநாள் சாயங்காலம் தாளை எடுத்துக்கொண்டு போனேன். பொன்னுரங்கம் கரையில் இன்ஜினைக் கழற்றி மணல் மேல் சாக்கு விரித்துப் பரப்பியிருந்தான். பக்கத்தில் மங்கம்மா காலிக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மோகனப்ரியா என் புடவைக்குப் பின்னால் நின்றாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் என்னைப் பார்த்த பார்வை, அவன் படகையே நான் விலைக்குக் கேட்ட மாதிரி இருந்தது. சின்ன வயசில் கண்ணாடி போட்டால் கண் உள்ளே போய்விடும் என்றான். நாளைக்கு யார் கட்டிக்கொள்வான் என்றான். அவன் வம்சத்தில் கடலைப் பார்க்கக் கண்ணாடி போட்டவன் எவனும் கிடையாது என்றான்.

"எம் பொண்ணு கண்ணு முன்னாடி பைனாகுலரு தோத்துடும் ஆயாம்மா. நீ போட்ட ஸ்டாரத்தான குப்பம் பூரா சொல்லினு இருந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தோ பாரு, இப்பவே காட்டுறேன்" என்று எழுந்தான். முப்பது அடி தள்ளி நடந்தான். கையில் காட்ட ஒரு மீன் தேடினான். கூடையில் ஒன்றும் இல்லை, எல்லாம் விற்றுப் போயிருந்தது. விளையாட்டாகக் காலில் இருந்த ரப்பர் செருப்பைக் கழற்றித் தலைக்கு மேல் பிடித்தான். 'இன்னா நைனா, செருப்பக் காட்டுற' என்று அவள் சிரிப்பாள் என்று நினைத்திருக்கிறான்.

"இது இன்னா மீனு, சொல்லு" என்றான்.

மோகனப்ரியா கண்ணைச் சுருக்கினாள். கழுத்தை முன்னால் நீட்டினாள். அப்பா ஏமாற்ற மாட்டார் என்கிற நம்பிக்கையில், ரொம்ப யோசித்து, "வவ்வாலு" என்றாள்.

தூக்கிய கை அப்படியே நின்றது. மங்கம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"யோவ், கையெழுத்தப் போடுய்யா. இல்லாட்டி நாளைக்கு இந்தப் பொண்ணு செருப்பக் கொழம்பு வெச்சி உனக்கே ஊத்தும்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. மோகனப்ரியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. முதலில் உதடு துடித்தது, பிறகு அவளும் சிரித்துவிட்டாள். பொன்னுரங்கம் ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டி வந்து அவள் முன்னால் மணலில் உட்கார்ந்தான்.

"நைனா மூஞ்சி தெரியுதா உனக்கு?" என்று கேட்டான்.

"இங்க வந்தா தெரியுது நைனா. அங்க நின்னா சட்டதான் தெரியும்."

அவன் தாளை வாங்கினான். இன்ஜின் கிரீஸ் ஒட்டிய கையாலேயே கையெழுத்துப் போட்டான். கட்டை விரல் ரேகை தனியாக வைக்க வேண்டிய அவசியமே இல்லை, தாள் முழுக்க அவன் விரல்தான்.

சனிக்கிழமை ஆன்சி மெஷினோடு வந்தாள். கிட்டப்பார்வை, இரண்டு கண்ணிலும் மூன்றுக்கு மேல் பவர். இதோடு எப்படி அஞ்சாவது வரை வந்தாய் என்று பிள்ளையைக் கேட்டாள். கண்ணாடி போடுவதால் கண் உள்ளே போகாது, போடாமல் விட்டால்தான் பாடம் போய்விடும் என்று பொன்னுரங்கத்துக்குப் பொறுமையாகச் சொன்னாள். ஃப்ரேம் எடுக்கச் சொன்னபோது மோகனப்ரியா நல்ல மிளகாய்ச் சிவப்பில் ஒன்றை எடுத்தாள்.

பத்து நாளில் கண்ணாடி வந்தது. நானே அவள் காதில் மாட்டிவிட்டேன். அந்த விடைத்த காதில் கண்ணாடி அப்படி ஒரு பொருத்தமாக உட்கார்ந்தது. அவள் சுவரைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பக்கத்தில் வந்து ரொம்ப நேரம் பார்த்தாள். ஏதோ நல்ல வார்த்தை சொல்லப்போகிறாள் என்று நானும் முகத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"ஆயா, உனக்கு மீச கீது" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் நன்றாகப் போட்டுக்கொண்டாள். ஜானட்டின் நோட்டில் இருந்த தப்பை அவளுக்கே சுட்டிக்காட்டியதாகக் கேள்வி. ஆனால் சாயங்காலம் கரைக்கு வந்தால் கண்ணாடியைக் கழற்றி டப்பாவில் போட்டுப் பாவாடைக்குள் செருகிக்கொள்வாள். கண்ணாடி போட்டுப் பார்ப்பது கள்ள ஆட்டம் என்று தீபன் வேறு சட்டம் போட்டிருந்தான். இவளும் காதை நம்பியே பேர் சொல்லிக்கொண்டிருந்தாள். மீனும் வந்துகொண்டிருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஆனால் திட்டினால் இன்னும் ஒளித்து வைப்பாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் பொன்னுரங்கத்தின் இன்ஜின் ரிப்பேர் முடிந்து, படகு மறுபடி கடலுக்குப் போனது.

அன்று சாயங்காலம் நானும் கருங்கல்லில் உட்கார்ந்திருந்தேன். மங்கம்மா கூடையோடு தண்ணீர் ஓரம் நின்றாள். தூரத்தில் ஒரு இன்ஜின் சத்தம். மோகனப்ரியா தலையைச் சாய்த்தாள். பேர் சொல்லவில்லை. மறுபடி சாய்த்தாள். நாலு டப்பு முழுதாகக் கேட்கிறது, ஒன்றும் குறையவில்லை. இருமல் இல்லை, விசில் இல்லை. இப்படி ஒரு படகு அவள் கணக்கிலேயே இல்லை. தீபன் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து எக்க ஆரம்பித்துவிட்டான்.

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பாவாடையிலிருந்து டப்பாவை உருவினாள். சிவப்புக் கண்ணாடி ஏறியது.

"ஏய், கள்ள ஆட்டம்" என்றான் தீபன்.

"ஈயக்குண்டு போட்டு முட்ட துன்னவன்லாம் பேசக் கூடாது" என்று ஜானட் அவன் வாயை அடைத்தாள்.

மோகனப்ரியா கடலைப் பார்த்தாள். முகம் மெதுவாக மலர்ந்தது. நான் இருபது வருஷமாகப் பிள்ளைகளோடு இருக்கிறேன், அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

"மஞ்சக் கொடி. எங்க நைனா போட்டு" என்றாள். பிறகு விரல் விட்டு எண்ணினாள். "உள்ள மூணு பேரு. ஒருத்தரு கயிறு சுத்தினு கீறாரு. ஒரு கூட நெறைய மீனு. நைனா இஞ்சின்கிட்ட குந்தினு..."

நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றிப் பாவாடையில் துடைத்து மறுபடி மாட்டினாள்.

"நைனா பீடி புடிக்கிறாரு" என்றாள். கரை முழுக்கக் கேட்டது.

மங்கம்மா மெதுவாகக் கூடையைக் கீழே வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். படகில் இருந்தவனுக்கு என்ன தெரிந்ததோ, கையில் இருந்ததைக் கடலில் விட்டெறிந்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். பிள்ளைகள் கருங்கல் மேல் குதித்தார்கள். நான் சிரித்த சிரிப்பில் பல் செட் கழன்று கையில் வந்துவிட்டது.

படகு கரை தட்டியதும் பொன்னுரங்கம் பெண்சாதியின் பக்கம் திரும்பாமல், வழக்கப்படி இரண்டு மீன் எடுத்துப் பெண்ணுக்கு வீசினான். இரண்டும் நல்ல வவ்வால். அதற்குப் பிறகு என்னிடம் வந்தான்.

"கண்ணாடிய நீதான மாட்டிவுட்ட ஆயாம்மா? சோக்கா வேல செய்யுது. இப்ப நான் பீடிய எங்க போயி குடிக்கிறது, சொல்லு" என்றான்.

எங்கேயும் வேண்டாம் என்றேன். மறுநாள் என் பெரிய நோட்டில் முப்பத்தைந்தாவதாக ஒரு பக்கம் திறந்தேன். மேலே பொன்னுரங்கம் என்று பேர். பீடி இல்லாத நாளுக்கு ஒரு கோடு. கோடு போடுகிற உரிமை எனக்கு இல்லை. தினமும் சாயங்காலம் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்து மோகனப்ரியாதான் போடுகிறாள். இன்றைக்குப் பத்தொன்பது கோடு ஆகியிருக்கிறது. அவள் பக்கத்தில் நான் போட்ட அந்த ஸ்டாரை அடித்துவிட்டு, சோதனை செய்த தேதியையும் பவரையும் எழுதிவிட்டேன். அவள்தான் ஸ்டார் வேண்டும் என்று அடம் பிடித்து, பக்கத்தில் சிவப்புப் பேனாவால் புதிதாக ஒன்று போட்டுக்கொண்டாள். காதுக்காம்.

இதோ பட்டாணி விசில் அடித்துவிட்டது. நான் எழுந்திருக்கிறேன். உங்கள் வீட்டில், தெருவில், இப்படி ஒரு பிள்ளை தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டு இருந்ததுண்டா? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? இல்லை, உங்களுக்கே சின்ன வயசில் போர்டு தெரியாமல் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதின கதை இருக்கிறதா? கீழே எழுதுங்கள். நான் மோகனப்ரியாவை விட்டுப் படிக்கச் சொல்கிறேன். இப்போதெல்லாம் அவள் ஹாலின் அந்தக் கோடியில் நின்றே படித்துவிடுகிறாள்.